ஹவானாவில் அரிசி இறக்கிய கப்பலுக்கு 180 நாள் தண்டனை ஏன்?

கேள்வி: என் அப்பா சரக்குக் கப்பலில் மாலுமியாக இருந்தவர். சென்ற ஆண்டு காலமானார். அவருடைய நாட்குறிப்பில் 1995 மார்ச் 14 அன்று இப்படி எழுதியிருக்கிறார்: “ஹவானாவில் அரிசி இறக்கிவிட்டுக் கிளம்பினோம். இனி ஆறு மாதத்துக்கு அமெரிக்கத் துறைமுகம் கிடையாது என்றார் கேப்டன். துறைமுகத் தொழிலாளி ஒருவர் காசு வேண்டாம், சோப்பு இருந்தால் கொடுங்கள் என்று கேட்டார். கொடுத்தேன்.” அரிசி கொண்டுபோனதற்கா தண்டனை? கியூபா கம்யூனிசத்தால் கெட்டது என்கிறான் என் தம்பி. அமெரிக்காவின் முற்றுகையால் கெட்டது என்கிறேன் நான். யார் சொல்வது சரி? இந்தத் தடை எப்படித் தொடங்கியது, சோவியத் ஒன்றியம் போன பிறகும் ஏன் முடியவில்லை?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் அப்பாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். கப்பல் சரக்கு ஒப்பந்தங்களில் பொருளாதாரத் தடைகள் பற்றி ஆலோசனை சொல்வது இருபது ஆண்டுகளுக்கும் மேலாக என் தொழில். “இந்தக் கப்பல் கடந்த 180 நாள்களில் கியூபத் துறைமுகம் எதற்கும் செல்லவில்லை” என்று கப்பல் உரிமையாளர் உறுதி கூறும் வரியை எத்தனையோ ஒப்பந்தங்களில் படித்திருக்கிறேன். அதே விதியை அதற்குக் கீழ்ப்பட்டு வேலை செய்த ஒரு மாலுமியின் குறிப்பில், ஒரு சோப்புக் கட்டியோடு சேர்த்துப் படித்தது இதுவே முதல் முறை. அந்த நாட்குறிப்பைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கேப்டன் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். 1992 அக்டோபரில், தேர்தலுக்குச் சில நாள்களுக்கு முன், அதிபர் ஜார்ஜ் புஷ் (மூத்தவர்) ‘கியூப ஜனநாயகச் சட்டம்’ என்ற ஒன்றில் கையெழுத்திட்டார். வணிகத்துக்காகக் கியூபாவுக்குச் சென்ற கப்பல், எந்த நாட்டுக் கொடி பறந்தாலும் சரி, அங்கிருந்து புறப்பட்ட நாளிலிருந்து 180 நாள்களுக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ கூடாது என்றது அது. அன்றைக்கு அரிசிக்கும் விலக்கு இல்லை. 2016-இல்தான் வேறு நாடுகளிலிருந்து போகும் சாதாரணச் சரக்குகளுக்கு இந்த விதி தளர்ந்தது.

விதி கட்டிப்போட்டது கப்பலை. உங்கள் அப்பாவை அல்ல. ஆனால் அதன் கணக்கு எங்கே போய் முடிந்தது என்று பாருங்கள். கியூபாவின் மக்கள் தொகை அப்போது சுமார் 1.1 கோடி. பக்கத்திலேயே உலகின் மிகப் பெரிய சந்தை. ஹவானாவுக்கு ஒருமுறை போய் வந்தால் ஆறு மாதத்துக்கு அந்தச் சந்தை மூடிக்கொள்ளும் என்றால், பெரும்பாலான கப்பல் உரிமையாளர்கள் ஹவானாவையே விட்டுவிடுவார்கள். போகத் துணிந்த சிலர் இழக்கப்போகும் வருமானத்தையும் சேர்த்தே வாடகை கேட்பார்கள். அந்தக் கூடுதல் வாடகை ஒவ்வொரு மூட்டை அரிசியின் மேலும் ஏறும். சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரியும். சட்டத்தின் நோக்கமே அதுதான்.

இனி இது எப்படித் தொடங்கியது என்பது. புளோரிடாவின் தென்கோடியிலிருந்து கியூபா வெறும் 90 மைல், அதாவது 145 கிலோமீட்டர்தான். 1898-இல் ஸ்பெயினிடமிருந்து பிரிந்த கியூபா அமெரிக்காவின் கைக்குள் வந்தது. அந்த நாட்டு விவகாரத்தில் தலையிடும் உரிமையை 1901-இல் கியூபாவின் அரசியல் சட்டத்திலேயே அமெரிக்கா எழுதவைத்தது. 1934 வரை அது இருந்தது. விளைந்த சர்க்கரையில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கே போனது. எவ்வளவு சர்க்கரை வாங்குவது என்பதை ஆண்டுதோறும் வாஷிங்டன் முடிவு செய்தது. இறக்குமதியிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அங்கிருந்தே வந்தது. ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பி நடக்கும் கடை என்ன ஆகும் என்பதை வியாபாரம் தெரிந்த எவரும் சொல்வார்கள்.

1959 ஜனவரி 1 அன்று சர்வாதிகாரி பாட்டிஸ்டா நாட்டை விட்டு ஓடினார். பிடல் காஸ்ட்ரோவின் அரசு அதே ஆண்டு மே மாதம் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்க நிறுவனங்களிடம் இருந்த பெரும் கரும்புத் தோட்டங்களும் அதில் அடங்கின. இங்கே சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். நிலத்துக்கு ஈடாக 20 ஆண்டுப் பத்திரங்களை 4.5 விழுக்காடு வட்டியோடு தருவதாகக் கியூபா சொன்னது. நிலத்தின் மதிப்பு எது? வரி கட்டுவதற்காக உரிமையாளர்களின் கணக்கில் இருந்த மதிப்புதான் என்றது. வரியைக் குறைக்க ஆண்டாண்டு காலமாக நில மதிப்பைக் குறைத்தே காட்டி வந்தவர்களுக்கு அந்தத் தொகையே இழப்பீடாக வந்து நின்றது. உடனடியாக, முழு மதிப்புக்கு, செல்லுபடியாகும் பணமாகக் கொடு என்றது வாஷிங்டன். கியூபாவிடம் அவ்வளவு டாலர் இல்லை. அறுபது ஆண்டுப் பகையின் வேரில் கொள்கையும் ராணுவமும் இருப்பது உண்மைதான். ஆனால் அதற்கும் அடியில் இந்தச் சொத்துக் கணக்கு இருக்கிறது. தம்பியோடு பேசும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தன. 1960 பிப்ரவரியில் சோவியத் துணைப் பிரதமர் மிகோயான் ஹவானாவுக்கு வந்து, ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 10 லட்சம் டன் சர்க்கரை வாங்க ஒப்பந்தம் போட்டார். பதிலுக்கு வந்த பொருள்களில் கச்சா எண்ணெயும் ஒன்று. அதைச் சுத்திகரிக்க டெக்சாகோ, எஸ்ஸோ, ஷெல் ஆலைகள் மறுத்தன. ஜூன் மாத இறுதியில் கியூபா அந்த ஆலைகளைக் கையகப்படுத்தியது. ஜூலையில் அதிபர் ஐசனோவர் சர்க்கரை ஒதுக்கீட்டில் 7 லட்சம் டன்னை வெட்டினார். ஆகஸ்டில் அமெரிக்க நிறுவனங்களின் சொத்துகளைக் கியூபா நாட்டுடைமை ஆக்கியது. அக்டோபர் 19 அன்று, உணவும் மருந்தும் தவிர்த்த எல்லா ஏற்றுமதியையும் ஐசனோவர் நிறுத்தினார். 1961 ஜனவரியில் தூதரக உறவு அறுந்தது. ஏப்ரலில் சிஐஏ பயிற்சி அளித்த படை கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் இறங்கித் தோற்றது. 1962 பிப்ரவரி 3 அன்று கென்னடி கையெழுத்திட்ட பிரகடனம், 7-ஆம் தேதி முதல் இறக்குமதியையும் சேர்த்து முழு வணிகத்தையும் முடக்கியது. அதற்கு அடுத்த மாதமே கியூபாவில் பங்கீட்டு முறை வந்தது. வீட்டுக்கு வீடு ‘லிப்ரேதா’ என்ற சிறு புத்தகம் கொடுத்தார்கள். ஒரு குடும்பத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு எவ்வளவு என்பது அதில் பதிவாகும். உங்கள் அப்பாவிடம் சோப்புக் கேட்டவர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை அந்தப் புத்தகத்தோடு கழித்தவராகத்தான் இருப்பார்.

சொத்துத் தகராறு ஒருபுறம் இருக்க, தடையின் நோக்கம் என்ன என்பதற்கு எழுத்திலேயே சான்று உண்டு. 1960 ஏப்ரல் 6 அன்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் உயர் அதிகாரி லெஸ்டர் மாலரி ஒரு குறிப்பு எழுதினார். கியூப மக்களில் பெரும்பாலோர் காஸ்ட்ரோவை ஆதரிக்கிறார்கள் என்று அதில் ஒப்புக்கொள்கிறார். ஆகவே பணமும் பொருளும் கிடைக்காமல் செய்து, கூலியைக் குறைத்து, பசியையும் விரக்தியையும் உண்டாக்கி ஆட்சியைக் கவிழ்க்க வேண்டும் என்கிறார். அமெரிக்க அரசே பின்னாளில் தன் ஆவணத் தொகுப்பில் இதை வெளியிட்டது. என் தொழிலில் நூற்றுக்கணக்கான அரசாணைகளைப் படித்திருக்கிறேன். பசியை இவ்வளவு வெளிப்படையாகக் கருவி என்று எழுதிய காகிதம் வேறொன்றைக் கண்டதில்லை. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

நீங்கள் ‘முற்றுகை’ என்கிறீர்கள். கியூபா அரசும் ‘ப்ளோகேயோ’ என்ற சொல்லால் அதையேதான் சொல்கிறது. அமெரிக்கா சொல்வது ‘வணிகத் தடை’. கடற்சட்டத்தில் முற்றுகை என்றால் போர்க்கப்பல்கள் வளைத்து நின்று யாரையும் உள்ளே விடாமல் மறிப்பது. அதற்கு நெருக்கமான ஒன்று உண்மையாகவே நடந்தது, 1962 அக்டோபரில், கியூபாவில் சோவியத் ஒன்றியம் ஏவுகணைகளை நிறுத்தியதால் வந்த நெருக்கடியின்போது. ஆனால் முற்றுகை என்பது போர்ச்செயல் ஆகிவிடும் என்பதால் கென்னடி அந்தச் சொல்லைத் தவிர்த்து, நோய்த்தொற்றைத் தடுக்க ஒதுக்கி வைப்பதைக் குறிக்கும் ‘குவாரண்டைன்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். நவம்பர் 20 அன்று அந்தக் கப்பல்கள் விலகின. 1995-இல் உங்கள் அப்பாவின் கப்பலைக் கடலில் எவரும் மறிக்கவில்லை. ஆகவே சட்டச் சொல்லாக எழுதினால் ‘தடை’ என்பதே சரி. ஆனால் அமெரிக்கா தன் குடிமக்களுக்கு மட்டும் விதிக்காமல் மூன்றாம் நாட்டுக் கப்பலையும் வங்கியையும் சேர்த்துக் கட்டும்போது, அதற்குள் அகப்பட்டவர் அதை முற்றுகை என்று சொன்னால் அவரிடம் அகராதியை நீட்ட எனக்கு மனம் வராது.

அப்படியானால் தம்பி சொல்வது பொய்யா? இல்லை. அவருடைய பக்கத்துக்கு வலுவான சான்றுகளை நானே தருகிறேன். 1968 மார்ச்சில் காஸ்ட்ரோ ‘புரட்சித் தாக்குதல்’ என்ற பெயரில் நாட்டில் எஞ்சியிருந்த சிறு தொழில்களை எல்லாம் அரசுடைமை ஆக்கினார். முடிதிருத்தும் கடை, செருப்புத் தைக்கும் கடை, தெருவோரத் தின்பண்ட வண்டி என்று ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவை. தெருவோர வண்டியை மூடச் சொன்னது வாஷிங்டன் அல்ல. 1970-இல் ஒரு கோடி டன் சர்க்கரை என்ற இலக்குக்காக மற்ற வேலைகளை எல்லாம் நிறுத்திவிட்டு நாட்டையே கரும்புக் காட்டுக்கு அனுப்பினார். விளைந்தது 85 லட்சம் டன். மற்ற தொழில்கள் நிலைகுலைந்தன. அமெரிக்கா என்ற ஒற்றை வாடிக்கையாளரிடமிருந்து விடுபட்ட நாடு, சோவியத் அணி என்ற மற்றொரு வாடிக்கையாளரிடம் போய் நின்றதே தவிர, சொந்தக் காலில் நிற்கப் பழகவில்லை. எதிர்த்துப் பேசியவர்களைச் சிறையில் அடைத்ததற்கும் தடையைக் காரணம் காட்ட முடியாது.

ஆனால் இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் 1991-க்குப் பின் நடந்ததை நியாயப்படுத்த முடியாது. சோவியத் அணியோடுதான் கியூபாவின் வணிகத்தில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் நடந்தது. அது மறைந்ததும் மூன்றே ஆண்டுகளில் நாட்டின் பொருளாதாரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியது. எண்ணெய் இல்லாமல் பஸ்கள் நின்றன. சீனாவிலிருந்து பத்து லட்சம் சைக்கிள்களுக்கு மேல் வந்தன. 1992-93இல் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் பார்வை மங்கியது அல்லது கை கால் மரத்தது. ஊட்டச்சத்துக் குறைவே அதற்குப் பெரிய காரணம்; நாடு முழுவதும் வைட்டமின் மாத்திரை கொடுத்து நோயை அடக்கினார்கள். பனிப்போர் முடிந்துவிட்டது, ஏவுகணை இல்லை, சோவியத் இல்லை. தடையை மெல்லத் தளர்த்த அதைவிட நல்ல தருணம் வந்ததில்லை. அந்தத் தருணத்தில்தான், பசித்திருந்த தீவின் மேல் 1992 சட்டத்தைப் போட்டார்கள். உங்கள் அப்பாவின் கப்பல் ஹவானாவில் நின்றது இந்தக் காலத்தில்தான்.

ஏன் முடியவில்லை என்று கேட்டீர்கள். 1996 வரை தடையின் பெரும்பகுதி அதிபரின் ஆணையாக இருந்தது. அதாவது ஒரு பேனாவால் போட்டதை இன்னொரு பேனாவால் எடுத்திருக்கலாம். கார்ட்டர் 1977-இல் பயணத் தடையைத் தளர்த்தினார், ரீகன் 1982-இல் மீண்டும் இறுக்கினார், எல்லாம் பேனாவால்தான். 1996 பிப்ரவரி 24 அன்று, மயாமியைச் சேர்ந்த கியூப அகதிகள் அமைப்பின் இரண்டு சிறு விமானங்களைக் கியூப விமானப்படை சுட்டு வீழ்த்தியது. நான்கு பேர் இறந்தனர். கண்டனத்துக்குரிய செயல் அது. அதுவரை தயங்கி நின்ற கிளிண்டன், மார்ச் 12 அன்று, தடையையே சட்டமாக்கிய ஹெல்ம்ஸ்-பர்ட்டன் சட்டத்தில் கையெழுத்திட்டார். அன்றோடு தடை அதிபரின் கையை விட்டுப் போனது. கியூபாவில் ஆட்சி மாறினால் அன்றி, நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்தால்தான் முழுமையாக நீங்கும். கியூபாவில் அமையும் இடைக்கால அரசில் பிடலோ அவருடைய தம்பி ராவுல் காஸ்ட்ரோவோ இருக்கக் கூடாது என்று பெயர் குறித்தே நிபந்தனை எழுதினார்கள். புளோரிடாவில் அது நல்ல தேர்தல் அரசியல், ஆனால் தடையை நீக்கும் வாய்ப்பை அது கெடுத்துவிட்டது என்று கிளிண்டனே பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில் ஒப்புக்கொண்டார்.

அந்தச் சட்டத்தில் இன்னொரு கண்ணியும் உண்டு. புரட்சியில் பறிபோன சொத்துகளுக்காக 5,913 கோரிக்கைகளை அமெரிக்க ஆணையம் ஏற்றிருந்தது. மதிப்பு சுமார் 190 கோடி டாலர், வட்டி தனி. அந்தச் சொத்தை இன்று யார் பயன்படுத்தினாலும் அவர் மீது அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்றது சட்டம். ஒவ்வொரு அதிபரும் இந்தப் பிரிவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிறுத்தி வைத்தார்கள். 2019 மே மாதம் டிரம்ப் அதைத் திறந்துவிட்டார். உடனே வந்த வழக்குகளில் ஒன்று ஹவானா துறைமுகத்தைப் பற்றியது. 1960-இல் அங்கே கப்பல்துறைகளை இழந்த நிறுவனம், அவற்றில் வந்து நின்ற உல்லாசக் கப்பல் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது.

தடை இருக்கிறதே, அமெரிக்கப் பொருள் எதுவும் அங்கே போவதில்லையா என்று தம்பி கேட்கலாம். போகிறது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் உணவு விற்பனையை அனுமதித்தது. மிஷெல் புயலுக்குப் பிறகு, 2001 டிசம்பரில் முதல் சரக்கு இறங்கியது. கியூபர்கள் உண்ணும் உறைந்த கோழி இறைச்சியில் கணிசமான பங்கு இன்று அமெரிக்காவிலிருந்தே வருகிறது. ஆனால் சரக்கு கைமாறும் முன் முழுத் தொகையையும் ரொக்கமாகக் கட்டியாக வேண்டும். அமெரிக்கக் கடன் கிடையாது. கடனில்லாமல் உணவு வாங்கும் ஏழை நாடு எவ்வளவு வாங்கிவிட முடியும்?

சட்டத்தின் எழுத்தைவிட அது உண்டாக்கும் அச்சம் பெரிது. என் மேசைக்கு வந்த ஒரு கோப்பு இது. ஹவானா மருத்துவமனை ஒன்றுக்கு எக்ஸ்ரே கருவியின் உதிரிபாகம் தேவைப்பட்டது. விற்பவர் ஐரோப்பியர், பணம் யூரோவில், அமெரிக்காவில் செய்த எந்தப் பாகமும் அதில் இல்லை. சட்டப்படி ஒரு தடங்கலும் இல்லை என்று நானே எழுதிக் கொடுத்தேன். பணம் மூன்று முறை திரும்பி வந்தது. விலைச்சீட்டில் ‘ஹவானா’ என்ற சொல்லைப் பார்த்ததுமே வங்கியின் கணினி நிறுத்திவிட்டது; அதிகாரிகள் ‘எங்கள் கொள்கை’ என்ற இரண்டே சொல்லில் முடித்துக்கொண்டார்கள். அவர்களை முழுவதும் குறை சொல்லவும் முடியவில்லை. 2014-இல் சூடான், ஈரான், கியூபா தொடர்பான பரிவர்த்தனைகளுக்காக ஒரு பெரிய பிரெஞ்சு வங்கிக்கு அமெரிக்கா விதித்த அபராதம் கிட்டத்தட்ட 900 கோடி டாலர். அதைக் கேள்விப்பட்ட எந்த வங்கி அதிகாரி ஒரு உதிரிபாகத்துக்காகத் தன் வேலையைப் பணயம் வைப்பார்? மருத்துவமனை ஏழு மாதம் காத்திருந்தது. அந்தக் கோப்பை மூடிய நாள் இன்னும் நினைவில் இருக்கிறது.

பிந்தைய கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். 2014 டிசம்பரில் ஒபாமாவும் அப்போதைய கியூப அதிபர் ராவுலும் உறவைப் புதுப்பித்தார்கள், 2017 முதல் டிரம்ப் அதைக் கலைத்தார். பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நாடுகளின் பட்டியலிலிருந்து கியூபாவை நீக்குவதாக பைடன் 2025 ஜனவரி 14 அன்று அறிவித்தார். ஆறே நாளில் டிரம்ப் அதை ரத்து செய்தார். ஐ.நா. பொதுச் சபையில் தடைக்கு எதிரான தீர்மானம் 1992-இல் 59 வாக்குகளோடு தொடங்கி 2024-இல் 187 வாக்குகளை எட்டியது. அந்த ஆண்டு எதிர்த்தவை அமெரிக்காவும் இஸ்ரேலும் மட்டுமே. தீர்மானத்துக்குக் கட்டுப்படுத்தும் வலு இல்லை.

ஆகவே உங்கள் வீட்டு வழக்கில் என் தீர்ப்பைக் கேட்டால் இதுதான்: கியூப அரசின் தவறுகளுக்குக் கியூப அரசே பொறுப்பு, தம்பி சொல்வதில் அவ்வளவும் சரி. ஆனால் அந்தத் தவறுகளுக்காகத் தடை போடப்படவில்லை. அவற்றை அது திருத்தவும் இல்லை. கவிழ்க்க நினைத்த ஆட்சி அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் இருந்தது. ஒவ்வொரு தோல்வியையும் தடையின் கணக்கில் எழுதிவைக்க அதற்கு வசதியாகவும் போனது. பட்டினி கிடந்தவர்கள் ஆட்சியில் இருந்தவர்கள் அல்லர். அந்த இடத்தில் நான் உங்கள் பக்கம்.

கடைசியாக ஒரு சிறு வேலை தருகிறேன். மார்ச் 14-இலிருந்து 180 நாள்களை எண்ணினால் செப்டம்பர் 10 வருகிறது. நாட்குறிப்பில் அதற்கு இடைப்பட்ட பக்கங்களைப் புரட்டி, கப்பல் எந்தெந்தத் துறைமுகங்களில் நின்றது என்று எழுதிப் பாருங்கள். மெக்சிகோவும் கனடாவும் இருக்கலாம். அமெரிக்கப் பெயர் எதுவும் இராது. செப்டம்பர் 10-க்குப் பிறகு வரும் முதல் அமெரிக்கத் துறைமுகத்தின் பெயரையும் தேதியையும் எனக்கு எழுதுங்கள்.